நம்ம வீடுதானே

மழை பிடித்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அந்த ஊரில் நடக்காததெல்லாம் நடந்துவிட்டது. குடை ரிப்பேர் கடைக்காரரிடம் முப்பது குடை இருந்தன. முப்பதும் ரிப்பேருக்கு வந்தவை என்பதால் மனுஷர் மூன்று நாளாகக் கடையைவிட்டு வெளியே வரவில்லை. பதினாலாம் நம்பர் பஸ்ஸில் ஒரு தவளை பின்படி வழியாக ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி, தன் இடம் வந்ததும் நிதானமாக இறங்கிப் போனது. அந்த பஸ்ஸின் கண்டக்டரம்மாவே கண்ணால் பார்த்தது இது. டிக்கெட் கேட்டிருப்பாள். நடுவில் நின்ற கூட்டத்தில் கை எட்டவில்லை.

கண்டக்டரம்மாவுக்கு அன்றைக்கு லீவு. லீவு நாளில் ஜனங்கள் தூங்குவார்கள். அவள் காலை ஐந்தரைக்கே எழுந்து பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இல்லை, தரையில். முன்னறையில் வாளி, அலமாரிப் பக்கம் குண்டான், சமையலறை வாசலில் பால் பாத்திரம். அடியில் ஒரு கந்தலைப் போட்டு வைத்தால் சொட்டு தெறிக்காது, சத்தமும் வராது. இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஒழுகுகிற வீட்டில் குடியிருந்தால் தானே வந்துவிடும்.

அன்று புதிதாக ஒரு சொட்டு சேர்ந்திருந்தது. அது பொடியனின் கட்டிலுக்கு நேர் மேலே. ஐந்து வயதுப் பிள்ளை, தூக்கத்திலேயே சட்டை நனைந்து, எண்ணெய் காணாத கதவு மாதிரி கீச்கீச்சென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கித் துடைத்து, இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதில் கிடத்தினாள். நான்கு நாளுக்கு முன்புதான் டாக்டர் சொல்லியிருந்தார். "மருந்து நான் எழுதித் தரேன்மா. சுவரை யார் காயவைக்கிறது? அது காயாம இது தீராது. இன்னொரு வாரம் இப்படியே போச்சுன்னா ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும்."

சுவரை அவள் தொட்டுப் பார்த்தாள். கை ஈரமாகத்தான் வந்தது. காய வேண்டுமானால் முதலில் மேலேயிருந்து வருவது நிற்க வேண்டும். அது நிற்க மாடிக்குப் போக வேண்டும். மாடிக் கதவில் பூட்டு. சாவி இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஓனரிடம். அவர் சாவியைத் தர மாட்டேன் என்கிறார். இது அவள் புருஷன் சொல்லி அவளுக்குத் தெரிந்த கணக்கு.

புருஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் அவருக்கு ஒழுகல் மேஸ்திரி என்று பெயர். யார் வீட்டு மாடி ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விரிசலைக் கொத்திவிட்டு, பூச்சு அடித்து, மூன்று நாள் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். அவர் கைவைத்த மாடியில் மழையே யோசித்துத்தான் விழும் என்று பேச்சு. பேக்கரிக்காரர் தன் மாடியில் அவர் வேலை பார்த்த பிறகு, கீழே மாவு மூட்டைகள் ரொம்பவும் காய்ந்து போகின்றன என்று குறைபட்டுக்கொண்டதாகவும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் இத்தனை பாத்திரம்.

"நீங்களே ஏறி அடைச்சிடக் கூடாதா?" என்று கண்டக்டரம்மா இந்த மழைக்காலம் முழுக்கக் கேட்டுவிட்டாள்.

"அவர் சாவி தரணுமில்ல? அடுத்தவன் பில்டிங்ல நாம பூட்ட உடைக்க முடியுமா?"

"நான் போய்ப் பேசறேன்."

"நீ பேசினா அது பேச்சா இருக்காது. சண்டையாகி வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாரு. நான் பக்குவமாப் பேசிக்கிறேன், விடு."

அவள் விட்டாள். காலை நாலரை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று மாறி மாறி ஓடுகிறவளுக்கு, புருஷன் பக்குவமாகப் பேசுகிறேன் என்றால் அது ஒரு வேலை குறைந்த மாதிரி.

பக்குவமாகப் பேசினாரோ இல்லையோ, மேஸ்திரி வேறு ஒன்று செய்தார். மழை வந்தால் குடும்பத்தைக் கிளப்பிவிடுவார். "வீட்டுக்குள்ள உக்காந்து சொட்ட எண்ணிக்கிட்டு இருக்கவா மனுஷன் பொறந்தான்? கிளம்புங்க, கிளம்புங்க!" மழைக்கு ஒதுங்குகிற மாதிரியும் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வேடிக்கையாகவும் இருக்க வேண்டும், காசும் கேட்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்துகிற இடங்கள் ஊரில் எத்தனை உண்டோ அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

மியூசியத்துக்கு ஐந்து தடவை போனார்கள். அங்கே ஒரு திமிங்கில எலும்புக்கூடு. மூன்றாம் தடவை போனபோது காவலாளி, "பாப்பா, கொஞ்சம் பாத்துக்கோ, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று பெரியவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியவளுக்குப் பத்து வயது. அவள் பதினோரு பேருக்குத் திமிங்கிலத்தைச் சுற்றிக் காட்டி, அது செத்த காரணத்தையும் விவரமாகச் சொல்லி அனுப்பினாள். ரயில்வே வெயிட்டிங் ஹாலில் ஒரு நாள். பெரிய ஆஸ்பத்திரி வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டியில் மீன் இருக்கும். அங்கே ஒரு நாள். "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டதற்குப் பொடியன், "அந்தச் சேப்பு மீன" என்றான்.

எல்லாவற்றிலும் உசத்தி மெத்தைக் கடைதான். மெத்தை, சோபா, கட்டில் எல்லாவற்றையும் வீடு மாதிரியே அறை அறையாகப் போட்டு வைத்திருக்கிற பெரிய கடை. அலமாரியில் அட்டைப் புத்தகம், மேஜைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள். அங்கே அவர்கள் ஒரு ஞாயிறு முழுக்கக் குடும்பம் நடத்தினார்கள். மேஸ்திரி சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏ, ஒரு டீ போடு" என்றார். கண்டக்டரம்மா இல்லாத அடுப்பில் இல்லாத டீயைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். சாமான் வாங்க வந்த ஒரு தம்பதி எட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிக்கோங்க, ஆள் இருக்கீங்கன்னு தெரியல" என்று வெளியே போனார்கள். கண்டக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காய்ந்த கட்டிலில் உட்கார்ந்து சிரித்தால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

இந்த ஞாயிறு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எல்லாரும் எழுந்தாச்சா?" மேஸ்திரி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "இன்னிக்கு எங்க போலாம், சொல்லுங்க பாப்போம்!"

"மெத்தைக் கடை!" என்றாள் பெரியவள்.

நாற்காலியில் கிடந்த பொடியன் மூச்சுக்கு நடுவே, "மீனு" என்றான்.

"இன்னிக்கு எடத்த நான் சொல்றேன்" என்றாள் கண்டக்டரம்மா.

"சொல்லு. நீ சொல்ற எடம்தான்."

"ஓனர் வீட்டு ஹால்."

மேஸ்திரியின் துண்டு தலையிலேயே நின்றது.

"ஊர்லயே காஞ்ச ஹால் அதுதான்" என்றாள் அவள். "ஏன்னா அது நீங்க அடைச்ச மாடி. அங்க போய் உக்காருவோம். சாவி கைக்கு வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

"அவர் ஊர்ல இல்ல."

"நேத்து நம்ம பஸ்லதான் வந்தாரு. முன்சீட்டு."

"அவருக்கு உடம்பு சரியில்ல."

"என் புள்ளைக்கும்தான் சரியில்ல. ரெண்டு பேரும் சேந்து படுத்துக்கட்டும்."

"இந்தாம்மா, கோவத்துல ஒரு காரியம் செய்யக் கூடாது..."

"கோவப்படாமத்தான் நாலு மாசம் பாத்தாச்சு. பெரியவளே, அந்த மெத்தையச் சுருட்டு. காஞ்ச பக்கம் உள்ள வர்ற மாதிரி."

அவள் மெத்தையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தோளில் போட்டாள். பொடியனை மேஸ்திரி தூக்கிக்கொண்டார். பெரியவள் கையில் ஒரு காலி வாளி. அது எதற்கு என்று மேஸ்திரி கேட்டார். "காட்டறதுக்கு" என்றாள் கண்டக்டரம்மா. தெருவில் முழங்கால் தண்ணீர். வழியெல்லாம் மேஸ்திரி நாலு தடவை நின்றார். செருப்பு கழன்றது என்றார், பையனுக்குத் தூறல் படுகிறது என்றார், பீடிக்கடையில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றார், கடைசியில் ஒன்றுமே சொல்லாமல் நின்றார். நாலு தடவையும் அவள் "உள்ள வாங்க, உள்ள வாங்க, நடுவுல நிக்காதீங்க, முன்னாடி போங்க" என்று பஸ்ஸில் கத்துகிற கத்தல் கத்தினாள். இரண்டு வீடுகளில் ஜன்னலைத் திறந்து, பஸ் இந்தத் தெருவுக்கும் விட்டுவிட்டார்களா என்று பார்த்தார்கள்.

ஓனர் வீட்டுக் கதவைத் திறந்தவர் ஓனரே. ரிட்டயர் ஆன மனுஷர். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பவர். வாசலில் மெத்தை, வாளி, பிள்ளை, பிள்ளையைத் தூக்கிய மேஸ்திரி, இவர்களுக்கெல்லாம் முன்னால் கண்டக்டரம்மா.

"என்னம்மா, குடும்பத்தோட?"

"அவுட்டிங் சார். மழையில்ல? புள்ளைங்கள எங்கயாவது காஞ்ச எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்ல. நவுருங்க, மெத்த நனையுது."

அவர் நகர்ந்தார். அவள் ஹாலின் நட்டநடுவே மெத்தையை விரித்தாள். பொடியனை அதில் கிடத்தச் சொன்னாள். பெரியவளை உட்காரச் சொன்னாள். தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தரை காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. ஜன்னல் திரைச்சீலைகூட மொறமொறவென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"டிவி இருந்தாப் போடுங்க சார். புள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க."

ஓனரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மெத்தையைப் பார்த்தாள், பையனின் மூச்சைக் கேட்டாள். ஒன்றும் கேட்காமல் துண்டு இரண்டும் சுடச்சுடப் பால் இரண்டு டம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். "குடி கண்ணு" என்றாள். இது கண்டக்டரம்மா எதிர்பார்க்காதது. சண்டைக்கு வந்த இடத்தில் பால் கொடுத்தால் கோபத்தை எங்கே வைப்பது?

"நல்லா இருக்கட்டும் அக்கா" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு ஓனர் பக்கம் திரும்பினாள். "சார், சுத்தி வளைக்க எனக்கு வராது. என் புள்ள மேல இன்னிக்குக் காலையில தண்ணி சொட்டிச்சி. கூரையில இருந்து. நேரா நெஞ்சு மேல. நீங்க வாடகைக்கு விட்டது வீடா, ஷவரா?"

"என்னம்மா சொல்ற? ஒழுகுதா?"

"நடிக்காதீங்க சார்!" அவள் வாளியை எடுத்துத் தரையில் டங்கென்று வைத்தாள். "இது ஒரு மணி நேரத்துல ரொம்பும். இது மாதிரி இன்னும் அஞ்சு. டாக்டரு ஆஸ்பத்திரியில சேக்கணும்ங்கறாரு. கையில தொழில் வச்சிருக்கற மனுஷன் எங்க வீட்டுலயே இருக்காரு. ஒரு சாவி. இத்தனூண்டு இரும்பு. அத எடுத்து நீட்டறதுக்கு உங்களுக்கு என்ன சார் கேடு? உங்க மாடிய இவர் அடைச்சிக் குடுத்தப்போ இனிச்சிச்சில்ல?"

ஓனர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எந்தச் சாவிம்மா?"

"மாடிச் சாவி!"

"அத என்கிட்ட கேட்டா?" என்று அவர் மேஸ்திரியைப் பார்த்தார்.

மேஸ்திரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்காரர் பார்க்கிற பார்வைதான். மூலையிலிருந்து மூலைக்கு, எங்காவது கறை தெரிகிறதா என்று. ஒரு கறையும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வெயில் காலத்துலயே குடுத்துட்டேனேம்மா" என்றார் ஓனர். "சாவியும் குடுத்தேன், நாலு டின்னு பூச்சும் வாங்கிக் குடுத்தேன். இவர் சொன்ன கம்பெனிதான், இவர் சொன்ன டின்னுதான். நானே ஆட்டோல ஏத்தி அனுப்பினேன். நீ டியூட்டிக்குப் போயிருந்தே. நாலாம் நாள் இவரே வந்து, வேலை முடிஞ்சிடுச்சி, இனி பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டியதில்லன்னாரு. நானும் திரும்பிப் பாக்கல. சாவிய இன்னும் திருப்பித் தரலையேன்னு, நாந்தான் கேக்கணும்னு இருந்தேன்."

ஹாலில் சத்தமே இல்லை. இந்த வீட்டில் சொட்டுகூட இல்லை என்பதால் அந்த அமைதி ரொம்பச் சுத்தமாக இருந்தது.

கண்டக்டரம்மாவின் குரலைப் பற்றி பஸ் டிரைவர் ஒன்று சொல்வார். அவள் கத்துகிறவரை வண்டியை ஓட்டலாம். கத்தலை நிறுத்திவிட்டு மெதுவாக ஏதாவது சொன்னால் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும்.

"ஏங்க" என்றாள் அவள், மெதுவாக.

மேஸ்திரி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"சாவி எங்க?"

அவர் பர்ஸை எடுத்தார். பிள்ளைகள் படம் வைத்திருந்த உறைக்குள் விரலை விட்டு, படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார். இத்தனூண்டு இரும்பு.

"டின்னு எங்க?"

"போட்டாச்சு."

"எங்க போட்டீங்க?"

"மாடியிலதான்..."

"யார் மாடியில?"

மேஸ்திரி பர்ஸை மூடினார். ஓனர் எழுந்து, தனக்கு உள்ளே ஏதோ வேலை இருப்பதைக் கண்டுபிடித்துப் போய்விட்டார். கண்டக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். "அக்கா, புள்ளைங்க கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டும்" என்றாள் ஓனரம்மாவிடம். "நீ கிளம்பு" என்றாள் புருஷனிடம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவரை அவள் நீ என்றது அன்றுதான்.

வந்த வழியே திரும்பினார்கள். இந்தத் தடவை மேஸ்திரி எங்கேயும் நிற்கவில்லை. அவள்தான் பேசவில்லை. அதற்கு அவள் கத்தியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மாடிக் கதவு திறந்ததும் முதலில் தண்ணீர்தான் வந்து காலை நனைத்தது. வெளியே போக வேண்டிய ஓட்டை அடைத்துக்கொண்டு, மாடி முழுக்கக் கணுக்கால் ஆழம் நின்றது. தண்ணீருக்கு அடியில் தரை தெரிந்தது. தெரிந்ததைத் தரை என்று சொல்வது கஷ்டம். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் செங்கல் நிறம், நடுவே ஒரு முழம் பச்சை, அதை ஒட்டிச் சாம்பல். தையற்காரர் கடையில் கீழே விழுந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி கிடந்தது. நிறம் நிறமாக உரிந்து, ஓரம் சுருண்டு, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று வெள்ளையைக் காலால் காட்டினாள்.

"பேக்கரி மாடி வேலைல மிஞ்சினது."

"இது?"

"பள்ளிக்கூடத்து பாத்ரூம். அது நல்ல சரக்குதான், கொஞ்சம் பழசு..."

"இந்தப் பச்ச?"

"ஒரு வீட்டு நீச்சல் தொட்டிக்கு அடிச்சது. தண்ணிக்குள்ளயே கிடக்கறதாச்சே, தாங்கும்னு நெனச்சேன்."

"இது?"

"அது ஆறு வருஷம் முந்தின டின்னு. கட்டிதட்டிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊத்திக் கரைச்சேன்."

அவள் தண்ணீரில் நடந்துகொண்டே கீழே எந்த அறை, எந்தப் பாத்திரம் என்று மனசில் வைத்துக்கொண்டே வந்தாள். இது வாளி. இது குண்டான். இது பால் பாத்திரம். மூலைக்கு வந்து நின்றாள். அங்கே ஒரு நிறமும் இல்லை. வெறும் சிமெண்டு, அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், விரிசலின் இரண்டு பக்கமும் பிரஷ் இழுத்த கோடுகள் மட்டும்.

"இதுக்கு நேர் கீழ என்ன இருக்கு தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லு."

"பையன் கட்டிலு."

"இங்க ஏன் ஒண்ணும் இல்ல?"

"இந்த மூலைக்கு வரும்போது... தீந்துபோச்சு."

"அப்ப இந்தக் கோடு?"

மேஸ்திரி மழையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சும்மா பிரஷ்ஷ மட்டும் இழுத்து விட்டேன். மனசு கேக்கல."

"வெறும் பிரஷ்ஷ."

"ஒட்டிக்கிட்டிருந்தது கொஞ்சம் வரும்னு..."

"அந்த நாலு டின்னு?"

"எதிர்வீட்டு வாத்தியார் மாடி. சரக்கு பத்தாமப் போச்சு. நாந்தான் கணக்குத் தப்பாச் சொல்லிட்டேன். அவர் தலைமேலயே நின்னுக்கிட்டிருந்தாரு. வெளியாளு, பத்தலன்னு சொன்னாப் பேரு கெட்டுடும். நம்ம வீடுதானே, அப்புறமா வாங்கி அடிச்சிக்கலாம்னு..."

"நம்ம வீடுதானே."

"ஆமா, நம்ம வீடு..."

"நம்ம வீடுதானே! நம்ம புள்ளதானே! நம்ம பொண்டாட்டிதானே!" இப்போது கத்தினாள். டெப்போவில் சொல்லிக்கொண்டார்கள், அந்தக் கத்தலில் மேகம் கொஞ்ச நேரம் விலகிப் போனது என்று. அவ்வளவு இருக்காது. ஆனால் எதிர்மாடித் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது நிஜம். "ஊருல போறவன் வீட்டு பாத்ரூமுக்கு மூணு நாள் தண்ணி கட்டி வச்சிப் பாக்கற. உன் புள்ள படுக்கற எடத்துக்கு வெறும் பிரஷ்ஷா? அந்த மனுஷன் சாவி தரலன்னு நாலு மாசமா என் வாயால எத்தன சாபம் விட்டிருக்கேன்! பஸ்ல அவரு ஏறும்போதெல்லாம் சில்லற இல்லன்னு சொல்லி அலைய விட்டிருக்கேனே! மியூசியமாம், மீனாம், மெத்தைக் கடையாம். ஏன்யா, எங்களுக்கு வேடிக்க காட்டவா கூட்டிக்கிட்டுப் போனே?"

"புள்ளைங்களுக்காகத்தான்..."

"பொய் சொல்லாத."

அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "அந்தச் சொட்டுச் சத்தம் என்னால கேக்க முடியல" என்றார். "ஒவ்வொண்ணும் எந்த டின்னுன்னு எனக்குத் தெரியுது."

அவள் கை தானாக ஓங்கியது. ஓங்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

எதிர்மாடிக் கதவு திறந்தது. குடையோடு வாத்தியார். சாயங்காலங்களில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர். மூன்று நாளாக ஒரு பிள்ளையும் வராததால் பேச ஆள் கிடைக்காமல் இருந்தார்.

"என்ன மேஸ்திரி, இந்த மழையிலயும் வேலையா? தொழில் பக்தின்னா இதுதான்!"

மேஸ்திரியின் முகம் செத்துப்போனது. "கீழ போயிடலாம் வா" என்றார் பல்லிடுக்கில். "அவர் பாக்கறாரு. ஊர் பூராவும் சொல்லிடுவாரு. நான் கையெடுத்துக் கும்பிடறேன், அப்புறம் என்னை ஒருத்தன் வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

கண்டக்டரம்மா அவரைப் பார்த்தாள். பையனுக்கு மூச்சிரைக்கிறது என்று சொன்னபோதெல்லாம் இந்த முகம் இப்படி ஆகவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்துக்குப் போனாள்.

"வாத்தியாரே! எங்க வீடு ஒழுகுது!"

"ஐயையோ. மேஸ்திரி வீடேவா? யாரும்மா வேலை செஞ்சது?"

"இவருதான்!"

வாத்தியார் குடையைச் சற்றுத் தாழ்த்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அடுத்ததும் திறந்தது.

"அப்ப... எங்க மாடிக்கு என்னம்மா போட்டாரு?" வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது.

"பயப்படாதீங்க, உங்களுக்கு நல்லதுதான் போட்டாரு! என் புள்ள தலைக்கு மேல போட வேண்டியதெல்லாம் உங்க மாடியிலதான் இருக்கு!"

வாத்தியார் தன் காலடியைப் பார்த்தார். நல்ல, வழவழப்பான, ஒரே நிறத்துத் தரை. அதில் நிற்பதா வேண்டாமா என்பது மாதிரி ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய், தன் ஸ்கூட்டருக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு, தெருவைக் கடந்து, இரண்டு மாடியும் ஏறிவந்து கதவோரம் வைத்துவிட்டு, மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"அத விரி" என்றாள் கண்டக்டரம்மா. "மொதல்ல அந்த மூல. செங்கல் வச்சி அழுத்து. அப்புறம் தண்ணி போற ஓட்டையத் தோண்டு. மழை விட்டதும் இந்தக் கந்தல் பூராவையும் கொத்தி எடுக்கற. நல்ல டின்னு வாங்கி, மூணு நாள் தண்ணி கட்டி வச்சி, நான் கீழ படுத்துக்கிட்டுப் பாப்பேன். அது முடியற வரைக்கும் நீ ஒருத்தன் மாடியிலயும் கால வைக்கக் கூடாது."

"அடுத்த வாரம் தபால் ஆபீஸ் வேலை ஒத்துக்கிட்டிருக்கேன்..."

"நாளைக்கு மொத ட்ரிப்ல தபால் ஆபீஸ் ஸ்டாப் வரும். நானே இறங்கிச் சொல்லிடறேன். ஏன் நீ வரலன்னும் சொல்லிடறேன்."

மேஸ்திரி தார்ப்பாயை விரித்தார். அவர் கை அப்போதும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஓரம் மடித்து, காற்றுப் போகாமல், செங்கல் செங்கலாக அடுக்கி. அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது. தெரியாதவன் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டுவிடலாம்.

கீழே இறங்கிவந்து பையன் கட்டிலின் அருகில் நின்று பார்த்தாள். சொட்டு முதலில் தயங்கியது. பிறகு இரண்டு விழுந்தது. பிறகு நின்றது. சுவர் மட்டும் அப்படியே ஈரமாக இருந்தது. அது காய இன்னும் எத்தனை நாளோ. அதுவரை பையனை அந்த வீட்டில் படுக்கவைக்க முடியாது. மருந்தையும் மாற்றுத் துணியையும் எடுத்துக்கொண்டு மறுபடி இரண்டு தெரு நடந்தாள்.

ஓனர் வீட்டு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் ஓனருக்குத் திமிங்கிலம் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பொடியன் மெத்தையில் எழுந்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கீச்சு இருந்தது, ஆனால் காலையில் இருந்த அளவு இல்லை.

"இவன் சுவரு காயற வரைக்கும் இங்க இருக்கலாமா சார்?" என்று கேட்டாள். காலையில் அதே வாயால் கேட்டதெல்லாம் அந்த ஹாலிலேயே எங்கோ நின்றுகொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்றார் ஓனர். "அந்தச் சாவிய மட்டும், வேலை முடிஞ்சதும், நீயே கொண்டுவந்து குடும்மா."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குனிந்து பையனுக்குச் சட்டை மாட்டினாள்.

"அப்பா எங்கம்மா?" என்றான் அவன்.

"மாடியில."

"என்ன பண்றாரு?"

"ஓட்டைய அடைக்கிறாரு."

"எல்லா ஓட்டையுமா?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணு விடாம."

பொடியன் பன்னை மெல்லுவதை நிறுத்தினான். அக்காவைப் பார்த்தான். அக்காவும் கதையை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தாள். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் சுண்டிப்போயின.

"அப்ப இனிமே மழை வந்தா நாம வீட்டுலயேதான் இருக்கணுமா?" என்றாள் பெரியவள்.

பையன் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். அவள் காதுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து, ஓனருக்குக் கேட்காமல், ரொம்ப நயமாகச் சொன்னான்.

"அப்பாகிட்ட ஒரே ஒரு ஓட்டைய விட்டுடச் சொல்லும்மா. சின்னது போதும்."

கண்டக்டரம்மா தலைப்பை விடுவித்துக்கொண்டாள். ஒழுகலையே பிள்ளைகளுக்குத் திருவிழாவாக்கி வைத்திருக்கிறார் மனுஷர். குடையை எடுக்கவில்லை. செருப்பையும் மாட்டவில்லை. இரண்டு தெருவையும் தண்ணீர் தெறிக்க நடந்தாள். மாடிப்படி அடியில் வந்தபோது மேலே தண்ணீர் போகிற ஓட்டையைக் கொத்துகிற சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, டொக், டொக். அவள் முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாம் படி. மூன்றாம் படியில் காலடிச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கொத்துகிறது நிற்கவில்லை. இரண்டு மடங்கு வேகமானது.